நுரை போனால் போகட்டும்: லெபனான் வீட்டுக் கோப்பி பற்றி ஒரு பதில்

சகோதரிக்கு வணக்கம். அபுதாபியில் பக்கத்து வீட்டு லெபனான் குடும்பத்தோடு மூன்று வருடம் குடித்துப் பழகிய கோப்பியை, கோயம்புத்தூருக்குத் திரும்பிய பின் அவர்கள் பிரியும்போது தந்த அதே செம்பில் நீங்களே போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஒரே கசப்பு, வாயில் மணல் போல நெருடுகிறது, காணொளிகளில் காட்டுவது போல நுரை நிற்கவில்லை என்கிறீர்கள். வீட்டில் இருந்த பில்டர் காபித் தூளைத்தான் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொழுப்புக்கு மாத்திரை எடுக்கும் மாமியார் மாலையில் இதைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. செய்முறை கேட்பது போல எழுதியிருந்தாலும், அந்த வீட்டுக் கிண்ணத்துக்கும் உங்கள் கிண்ணத்துக்கும் நடுவில் எது தவறியது என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கைமீது பிழை குறைவு. தூள் வேறு, பார்த்துச் செய்த முறையும் வேறு.

என் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்காக, முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 2004 முதல் 2015 வரை பெய்ரூட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தேன். நீங்கள் காபி என்பதை நாங்கள் கோப்பி என்போம். எனக்கு அப்படித்தான் எழுத வருகிறது. முதல் இரண்டு வருடம் இருந்த வீட்டில் கோப்பி போடுவது என் வேலை, குடிப்பதற்கு எனக்குக் கிண்ணம் கிடையாது. அடுத்த வீடு அஷ்ரஃபியே பகுதியில். அங்கிருந்த மூதாட்டியை எல்லோரும் தேத்தா என்று அழைப்பார்கள்; பாட்டிக்கு அந்த ஊர்ச் சொல் அது. முதல் நாள் காலை, தட்டில் இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து மூன்றாவது கிண்ணத்தை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார். அதன் பின் ஒன்பது வருடம், நாளுக்கு ஐந்தாறு தடவை, அவர் பக்கத்தில் நின்று இந்தக் கோப்பியைப் போட்டிருக்கிறேன். பெய்ரூட் வீட்டுச் சமையலறையும், கோடைக்குப் போய்த் தங்கிய ஒரு மலைக் கிராமமும்தான் எனக்குத் தெரிந்த லெபனான். பெக்கா சமவெளியில் பெதூயின் மக்கள் போடும் கோப்பியைக் குடித்திருக்கிறேன், போட்டதில்லை. கொட்டை வறுக்கும் தொழிலும் நான் கற்றதில்லை. வறுப்பு பற்றிச் சொல்வதெல்லாம் கடையில் வாங்கியவளின் அனுபவம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்வோம், ஏனென்றால் நுரைப் பிரச்சினை அங்கிருந்துதான் வருகிறது. அபுதாபியில் அலுவலகங்களிலும் விருந்துகளிலும் நீண்ட மூக்குள்ள தல்லா என்ற கூஜாவிலிருந்து ஊற்றித் தரும் வெளிர் நிறக் கஹ்வாவை நீங்கள் குடித்திருப்பீர்கள். லேசாக வறுத்த கொட்டை, நிறைய ஏலக்காய், சீனி இல்லை, பேரீச்சம்பழத்தோடு வரும். அது வளைகுடாக் கோப்பி; 2015-இல் அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் நான்கும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தது அதைத்தான். துருக்கிக் கோப்பி அதற்கு முன் 2013-இலேயே பட்டியலில் சேர்ந்துவிட்டது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தந்தது துருக்கிக் கோப்பியின் உடன்பிறப்பு. மாவு போல அரைத்த தூள், வடிகட்டாமல் தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சுவது, சிறு கிண்ணம், அடியில் வண்டல் என்று எல்லாமே பொது. லெபனான் 1516 முதல் 1918 வரை துருக்கியரின் ஒட்டோமான் ஆட்சியில் இருந்த நாடு, அதில் வியப்பில்லை. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்றால் தேத்தா விட்டுக்கொடுக்க மாட்டார். இஸ்தான்புல்லில் 1550-களில் முதல் கோப்பிக் கடைகளைத் திறந்தவர்கள் அலெப்போக்காரர் ஒருவரும் டமாஸ்கஸ்காரர் ஒருவரும் என்று ஒட்டோமான் வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதியிருக்கிறார். அந்த இரண்டு ஊரும் பெய்ரூட்டுக்குப் பக்கம். அதனால் துருக்கிக்காரர்கள் எங்களிடம் வாங்கிக் குடித்தவர்கள் என்பது தேத்தாவின் கட்சி.

இணையத்தில் நீங்கள் பார்த்த காணொளிகளில் பெரும்பாலானவை துருக்கி முறையாக இருந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் தூளையும் சீனியையும் கலந்து, மெல்லிய தீயில் ஒரே முறை மெதுவாக ஏற்றி, கொதிக்கும் முன்பே நுரையைக் கரண்டியால் அள்ளிக் கிண்ணங்களுக்குப் பங்கிட்டுவிடுவார்கள். அங்கே நுரைதான் கோப்பி போட்டவரின் மானம். நான் கற்ற பெய்ரூட் முறையில் தண்ணீர் முதலில் கொதிக்கும், தூள் பிறகு விழும், விழுந்த பின்னும் கொதிக்கும். அந்தக் கொதியில் நுரை பெரும்பகுதி கரைந்துபோகும். ஆகவே நுரை நிற்கவில்லை என்பது நீங்கள் செய்த பிழை அல்ல. அந்த வீட்டில் நீங்கள் குடித்த கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள், மேலே கரும்பழுப்பில் ஒரு மெல்லிய படலம் மட்டும் இருந்திருக்கும்.

இனித் தூள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பில்டர் தூளில் இந்தக் கோப்பி வராது. பில்டருக்கு அரைக்கும் தூள் கரகரப்பாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. அதே கரகரப்பு இங்கே எதிரி. பெரிய துணுக்குகள் கிண்ணத்தைச் சாய்க்கும்போதெல்லாம் கிளம்பி நாக்குக்கு வரும். மாவாக அரைத்தது அப்படி வராது, சேறு போலப் படிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தூளில் சிக்கரியும் இருந்திருக்கும். சிக்கரி பில்டரில் மெதுவாக இறங்கி நிறமும் கனமும் தருகிறது; அதைச் செம்பில் போட்டுக் கொதிக்க விட்டால் கஷாயம் போலக் கசக்கிறது. ஊருக்குத் திரும்பிய புதிதில் நானும் சிக்கரி கலந்த பொதியொன்றை வாங்கிக் காய்ச்சிப் பார்த்து, செம்போடு ஊற்றிவிட்டேன். கோயம்புத்தூரில் கண்முன்னே வறுத்து அரைத்துத் தரும் கடைகள் உண்டு அல்லவா? சிக்கரி இல்லாமல், நடுத்தர வறுப்பில், இயந்திரம் எவ்வளவு நைசாக அரைக்குமோ அவ்வளவு நைசாக அரைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். முகத்துக்குப் போடும் பவுடர் போல வழுக்கிக்கொண்டு விரல் ரேகைக்குள் நிரம்ப வேண்டும். ரவை போல உருண்டால் வேண்டாம்.

வீட்டு மிக்சியில் அந்த நைசு கிடைக்காது. ஓட ஓடச் சூடேறித் தூளின் மணம்தான் போகும். கையால் சுற்றும் பித்தளை அரைப்பான் இருந்தால் கிடைக்கும், ஆனால் நான்கு கிண்ணத்துக்கு அரைப்பதற்குள் தோள் வலிக்கும். எங்கள் தோட்டத்து வீட்டில் அம்மா கோப்பிக் கொட்டையை வறுத்து உரலில் இடித்து மாச்சல்லடையில் அரித்து எடுப்பார். அரித்து விழுந்த தூள் பெய்ரூட் தூளுக்கு எந்தக் குறைவும் இல்லாதது. எங்கள் மலைகளே முதலில் கோப்பி மலைகள்தான். 1869-இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகுதான் தேயிலை பரவியது. எங்கள் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்ததும் கோப்பித் தோட்டம்தான். அந்த உரல் தூளைத் தேத்தாவுக்கு ஒரு முறை கொண்டுபோய்க் கொடுத்தேன். மோந்து பார்த்தார், காய்ச்சிக் குடித்தார், இரண்டாவது கிண்ணமும் கேட்டார்.

லெபனானில் விற்கும் தூள் பெரும்பாலும் பிரேசில் கொட்டை. வெளிறிய வறுப்பையும் கறுத்த வறுப்பையும் கலந்து விற்பார்கள். எதில் எவ்வளவு என்பது ஒவ்வொரு வீட்டின் பழக்கம். 1957-இல் தொடங்கிய நஜ்ஜார், 1960-இல் தொடங்கிய மஅதூக் என்ற இரண்டு பெயர்களை எந்த மளிகைக் கடையிலும் பார்க்கலாம். தேத்தா பொதி வாங்க மாட்டார். மஹ்மஸா என்று சொல்லும் வறுகடைக்கு என்னை அனுப்பி, கால் கிலோவுக்கு மேல் ஒருபோதும் வாங்கக்கூடாது என்பார். காகிதப் பையில் சூடு ஆறாமல் வரும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறுவேன். வளைகுடாவிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் 200 கிராம் பொதி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு முறையாவது சரியான தூளில் போட்டுப் பார்த்துவிட்டால், உள்ளூர்த் தூளில் எதைத் தேடுவது என்று உங்கள் நாக்குக்கே தெரிந்துவிடும். பிரித்த பொதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு சொல்கிறேன். அந்தச் சிறு கிண்ணத்தை பெய்ரூட்டில் ஷஃபே என்பார்கள், பிடி இல்லாதது, 60 அல்லது 70 மில்லி பிடிக்கும். எத்தனை பேரோ அத்தனை கிண்ணம் தண்ணீரை அந்தக் கிண்ணத்தாலேயே அளந்து செம்பில் ஊற்றுங்கள். கொதித்து வற்றுவதற்கும் அடியில் விடுவதற்கும் அரைக் கிண்ணம் கூட ஊற்றுங்கள். ஒரு கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி குவித்த தூள், சுமார் 5 கிராம். தேத்தா கடைசியில் செம்புக்கு என்று இன்னொரு அரைக் கரண்டி போடுவார். சீனி வேண்டுமானால் தண்ணீரோடு ஆரம்பத்திலேயே போட வேண்டும். பிறகு போட்டுக் கலக்கினால் அடங்கிய வண்டல் எழும்பிவிடும். அதனால்தான் அந்த ஊரில் கோப்பி போடும் முன்பே எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். சீனி இல்லாததற்கு சாதா என்று பெயர். நீங்கள் சாதா தோசை என்று சொல்லும் அதே சாதாதான், பாரசீகத்திலிருந்து இரு பக்கமும் போன சொல். நடுத்தர இனிப்பு வசத். நல்ல இனிப்பு ஹெல்வே, அல்வா என்ற சொல் பிறந்த அதே அரபு வேரிலிருந்து வந்தது. நான்கு கிண்ணத்துக்கு இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் வசத்.

உங்களிடம் இருக்கும் செம்புக்கு ரக்வே என்று பெயர். அடி அகன்று, வாய் ஒடுங்கி, நீண்ட கைப்பிடியோடு இருக்கும். நம் அடுப்புக் கம்பிகளில் அது நிற்காமல் சாயும். அப்பளம் சுடும் கம்பி வலையைப் போட்டு அதன்மேல் வையுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பிலிருந்து தூக்குங்கள். கொதி அடங்கிய பின் தூளைப் போடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் சீறிப் பொங்கி அடுப்பு முழுவதும் கோப்பியாகிவிடும். எல்லாப் புதியவர்களும் ஒரு முறை செய்யும் பிழை அது, நானும் செய்தேன். தூள் உடனே கலக்காது. காய்ந்த மண் கட்டி போலத் தண்ணீர்மேல் மிதக்கும். நீண்ட கரண்டியால் மெதுவாகக் கிளறுங்கள். ஓரம் நனைந்து, நடுவில் வெடிப்பு விட்டு, மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மெல்லிய தீயில் திரும்ப வையுங்கள். இனிக் கண்ணை எடுக்கக்கூடாது. முதலில் ஓரத்தைச் சுற்றிப் பாசிமணி கோத்தது போலச் சிறு குமிழ்கள் வரும். பிறகு வெளிர் பழுப்பு நுரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நெருங்கிக்கொண்டே வரும். நடுவில் காசளவுக்குக் கறுப்பாக ஒரு கண் மிச்சம் இருக்கும். அந்தக் கண் மூடும்போது மொத்தமும் எழும்பும். எழும்பும் அந்த நொடியில் தூக்கிவிடுங்கள். தாழ்ந்ததும் மறுபடி வையுங்கள், மறுபடி எழும்பும், மறுபடி தூக்குங்கள். மூன்றாவது தடவைக்குப் பின் தீயை இன்னும் குறைத்து, நுரை தணிந்து கோப்பி தன் நிறத்தைக் காட்டும் வரை ஒரு நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். மணமெல்லாம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் தங்கும். நீங்கள் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கசப்பில் பாதி அந்த ஐந்து நிமிடம்.

அடுப்பை அணைத்த பிறகு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதை எந்தக் காணொளியிலும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. ரக்வேயின் வாயை ஒரு சிறு தட்டால் மூடி, இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் வையுங்கள். வண்டல் அடங்க வேண்டிய நேரம் அது. அவசரம் என்றால் ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீரைச் செம்பின் வாயைச் சுற்றித் தெளியுங்கள், தூள் சீக்கிரம் இறங்கும். பிறகு செம்பைக் குலுக்காமல் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஒரு கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாக் கிண்ணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு வந்தால் எல்லோருக்கும் ஒரே கனம் கிடைக்கும். செம்பின் அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள், கிண்ணத்தின் அடியிலும் கடைசி மடக்கைக் குடிக்காதீர்கள். குடிக்கும்போது கரண்டி போட்டுக் கலக்கவே கூடாது. உங்கள் நெருடலுக்குத் தூள் பாதிக் காரணம் என்றால், இந்த இரண்டு மூன்று நிமிடம் மறு பாதி.

இதுவரை சொன்னவற்றில் நான் உறுதியாக நிற்பது நான்கில்: மாவு போன்ற தூள், சிக்கரி இல்லாமை, நீண்ட நேரம் கொதிக்க விடாமை, வண்டல் அடங்கக் காத்திருத்தல். மற்றவை வீட்டுக்கு வீடு மாறும். மூன்று முறை பொங்க விடுவது தேத்தாவின் கணக்கு; எதிர் வீட்டில் ஏழு முறை, அவர் மகள் வீட்டில் ஒரே முறை. நுரையைக் கரைய விடாமல் துருக்கிக்காரர் போலப் பங்கிடும் வீடுகளும் பெய்ரூட்டில் உண்டு, குறிப்பாக ஆர்மீனியர் வாழும் புர்ஜ் ஹம்மூதில் அப்படிக் குடித்திருக்கிறேன், நன்றாகவே இருந்தது. மூன்று முறை பொங்க விடுவதால் சுவை கூடுகிறதா என்று கேட்டால், ருசியில் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. தூள் முழுவதும் நனைந்து இறங்க அது உதவுகிறது என்று மட்டும் நினைக்கிறேன். ஏலக்காயிலும் இதே சண்டை. ஏலக்காய் இல்லாவிட்டால் அது கோப்பியே அல்ல என்பவர்களும், ஏலக்காய் போடுவது பழைய தூளை மறைக்க என்பவர்களும் ஒரே மாடிப்படியில் வாழ்ந்தார்கள். தேத்தா தனக்குப் போட்டுக்கொள்ள மாட்டார், விருந்தினர் வந்தால் போடுவார். போடுவதானால் நான்கு கிண்ணத்துக்கு இரண்டு காயின் விதையை நைசாகப் பொடித்துத் தூளோடு கலந்துவிடுங்கள். முழுக் காயைத் தட்டிப் போட்டால் மணம் வருவதற்குள் கோப்பி முடிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுபடி அந்தக் குடும்பத்தைச் சந்திக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் பெண்கள் கூடிக் குடிக்கும் கோப்பிக்கு ஸுப்ஹியே என்று பெயர். அந்தக் காலத்தில் பெய்ரூட் நகருக்குள் நாளுக்கு மூன்று மணி நேரம் மின்சாரம் நிற்கும்; அது நிற்கும் வேளை பார்த்து எதிர் வீட்டாரும் மேல் வீட்டாரும் படியிறங்கி வந்துவிடுவார்கள். அழைப்பு மணி அடிக்காது, கதவைத் தட்டும் சத்தத்திலேயே யாரென்று எனக்குத் தெரியும். குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது விருந்தினர் 'தாய்மே' என்பார். இந்த வீட்டில் கோப்பி என்றும் இருக்கட்டும் என்ற வாழ்த்து. இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், பக்கத்துத் தெருவில் இழவு வீட்டுக்குத் தேத்தாவோடு போனபோது, கசந்த சாதாக் கோப்பியைக் குடித்துவிட்டு நானும் வாய் நிறைய 'தாய்மே' என்றேன். தேத்தா ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டை அழுத்தினார். வெளியே வந்த பின்தான் சொன்னார்: துக்க வீட்டில் கோப்பி என்றும் இருக்கட்டும் என்றால் துக்கம் என்றும் இருக்கட்டும் என்று ஆகிவிடும், அங்கே இறந்தவருக்கு இறைவன் இரங்கட்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும். அங்கே இனிப்புக் கோப்பி தருவதில்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

நிறையப் பேருக்குப் போடுவது எப்படி என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 2006 ஜூலை 12-ஆம் தேதி இஸ்ரேலுடனான போர் தொடங்கியபோது நாங்கள் மலைக் கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டோம். 34 நாள் நீடித்தது. அந்த வீட்டில் தெற்கிலிருந்து வந்த உறவினரும் அறிந்தவருமாக இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தோம். பன்னிரண்டு கிண்ணம் பிடிக்கும் பெரிய ரக்வேயில் போடத் தேத்தா அப்போதுதான் எனக்குச் சொல்லித்தந்தார். பெரிய செம்பில் அளவை அப்படியே பெருக்கக்கூடாது, பன்னிரண்டு கிண்ணத்துக்குப் பத்துக் கரண்டி போதும். கிளறுவதற்கு நேரம் கூட வேண்டும், அடங்குவதற்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். வானொலியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். நான் தட்டோடு போனால் வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குவேன். மூன்றாவது வாரம் சீனி தீர்ந்தது. அதன் பின் எல்லோருக்கும் சாதாதான், சீனி இல்லையே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் மருத்துவர் அல்ல, ஆனால் நன்றாக உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்ல முடியும். கோப்பிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கஹ்வியோல் என்ற இரண்டு பொருள்கள் உள்ளன. இரண்டாவதன் பெயர் கஹ்வா என்ற சொல்லிலிருந்தே வந்தது. இவை இரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றக்கூடியவை. காகித வடிகட்டி இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. வடிகட்டாமல் காய்ச்சும் இந்தக் கோப்பியில் அவை கிண்ணத்துக்குள் வந்துவிடும். எப்போதாவது ஒரு சிறு கிண்ணம் குடிப்பதும் தினமும் நான்கு ஐந்து குடிப்பதும் ஒன்றல்ல. அவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது கோப்பி என்று மட்டும் சொல்லாமல், வடிகட்டாத கோப்பி என்று சொல்லுங்கள்.

மாலைக்கு வேறு வழி இருக்கிறது, அதையும் லெபனானே தந்திருக்கிறது. அஹ்வே பைதா என்பார்கள், வெள்ளைக் கோப்பி என்று பொருள். பெயரில்தான் கோப்பி, ஒரு துளித் தூளும் கிடையாது. சுடுதண்ணீரில் மஸாஹர் என்னும் ஆரஞ்சுப்பூ நீரைக் கலந்து, இராச் சாப்பாட்டுக்குப் பின் அதே சிறு கிண்ணத்தில் தருவார்கள். வயிறு இலேசாகும், தூக்கமும் கெடாது என்பது அவர்கள் நம்பிக்கை. காஃபீன் இல்லை என்பதால் தூக்கம் கெடாது என்பது வரை சரி. கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூவை வாலையில் வடித்தெடுக்கும் நீர் அது. சிடோன் நகருக்கு மேலே இருக்கும் மக்தூஷே என்ற ஊர் அதற்குப் பெயர்போனது. தேத்தா அங்கிருந்துதான் வருடத்துக்கு நான்கு புட்டி வரவழைப்பார். அரபு மளிகைப் பொருள் விற்கும் கடைகளில் அந்த நீர் கிடைக்கும்; பன்னீர் அதற்கு மாற்றாகாது, மணம் வேறு. கேக்குக்குப் போடும் எசன்ஸ் புட்டியை ஆரஞ்சு என்று பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஒரு ஷஃபே சுடுதண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பூநீர் போதும், சீனி அவர் விருப்பம். தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கிக் கிண்ணத்தில் ஊற்றிய பிறகே பூநீரை விடுங்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் மணம் சமையலறையோடு நின்றுவிடும், மாமியாரின் கிண்ணத்துக்கு வந்து சேராது.